நிக்கோலின் கிளி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஒரே சாவி என் கழுத்தில்தான் தொங்கியது.

போன வருடம் பிரேசர் டவுனில் ஒரு ஏலம். குழந்தைகளின் இதய வார்டுக்கு நிதி திரட்ட. அதற்காகவே செய்த கைக்கடிகாரம், உலகத்தில் ஒன்றே ஒன்று. டயலில் ஒரு பச்சைக் கிளி. அதை வரைந்தவள் அந்த வார்டில் இருந்த நிக்கோல், மர்பி டவுன் பிள்ளை, ஒன்பது வயது. ஏலக் கம்பெனியில் எனக்கு வேலை. வாட்சுக்குக் காவலும் நானே.

முந்தின நாள், போட்டோ எடுக்க நிக்கோலை அவள் அம்மா ஆஞ்சலா கூட்டி வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு வாட்டி கட்டிக்கட்டுமா? என் கிளிதானே?"

யாரும் கட்டாத வாட்ச் என்றால்தான் விலை ஏறும்.

"நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் நானே கட்டி விடுறேன், கண்ணு."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

பச்சைப் பொய். ஏலம் முடிந்தால் அது வாங்கியவர் சொத்து. அவளோ சிரித்தாள்.

அந்த வாட்சுக்கு பேட்டரி கிடையாது. கையில் கட்டி அசைந்தால்தான் ஓடும். 10.10-ல் நின்றிருந்ததை, வாரை விரித்து வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மாலை 5.40. ஹாலில் நான் மட்டும்.

டிக்... டிக்... டிக்...

பெட்டிக்குள்ளிருந்து. பூட்டு அப்படியே இருந்தது. முட்கள் காட்டியது 5.40.

விரித்து வைத்த வார் மாட்டியிருந்தது. கடைசி ஓட்டையில்... ஒரு சின்னக் கைக்கு.

திறந்து எடுத்தேன்.

சூடாக இருந்தது.

"நிக்கோல்?"

டிக்... நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? துடைத்தேன். வாரை நீவி நேராக்கினேன். ஏழு மணிக்கு மைக்கில், "இதுவரை யாரும் அணியாதது" என்று கூசாமல் வாசித்தேன். நல்ல விலை போனது.

அதன் பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. மர்பி டவுனுக்கு ஓடினேன். சவப்பெட்டி பக்கத்தில் ஆஞ்சலா.

"மத்தியானமே போயிட்டா மேடம். குளிப்பாட்டறப்ப கை வெறுமனே இருந்துச்சு. சாயந்திரம் பொட்டில வெக்கிறப்ப பாக்கறேன்... இடது கையில வாட்ச் பெல்ட்டு தடம். அந்தக் கை மட்டும் சுடுது."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அந்தாண்ட போனப்ப நீங்கதானே வந்து கட்டி விட்டீங்க? பிராமிஸ காப்பாத்திட்டீங்க மேடம்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.