சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவர்

என் முதல் நாவலில் கதை சொல்பவனின் அப்பா காண்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்தில் மண் சரிந்து இறந்துவிடுவார். படித்தவர்கள் அதை என் சொந்தக் கதை என்றே நம்பினார்கள். உண்மையில் என் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. நெய்வேலி குவார்ட்டர்ஸில் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அப்பாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்ததும், சுரங்க விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்க வூட்டுப் புள்ள தம்பி. அப்பா இல்லாமயே அவன் எப்படி வந்துட்டான் பாருன்னு, எம்புள்ளைக்கு உன்னத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவரு யாருங்க?" என்றாள்.

"தெரிஞ்சவன்மா. தம்பிய சின்ன வயசுலேர்ந்து தெரியும்" என்றார் அப்பா.

திரும்பும்போது ஸ்கூட்டரை அவர்தான் ஓட்டினார். "ஏம்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அந்தம்மா புள்ள படிக்கட்டும், விடு."

இன்றும் வடக்குத்தில் நான் அப்பா இல்லாத பிள்ளைதான். அந்தப் பக்கம் போகும்போது அப்பா என்னோடு வருவதில்லை.