சமாதானம் பேசப் போனவர்கள்

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எங்கள் சித்தூரும் அதோடு போய்விட்டிருந்த சமயம். எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை. ஸ்டேஷன் பலகையில் ஒரு நாள் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருக்கும். இன்னொரு நாள் தெலுங்கு எழுத்தின் மேல். நான் பஜாரில் தையல் கடை வைத்திருந்தேன். இரண்டு கட்சிக்கும் கொடி தைத்துக் கொடுத்தேன். தொழில் அது.

வீட்டில் வேறு கவலை. அண்ணன் கராச்சியில் இருந்தான். நாடு பிரிவதற்கு முன்பே தோல் மண்டிக்காரர் ஒருவரோடு வேலைக்குப் போனவன். போனபோது அது வெளிநாடு இல்லை. பிறகு ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுக்கப் போவதற்குள் அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். அவனும் வரத்தான் பார்த்தான். அந்தப் பக்கம் அனுமதி கொடுக்கவில்லை.

எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத் வேலூர் மதரசாவில் ஓதியவர். அவருக்கு ஒரே வருத்தம்தான். "அங்க பாகிஸ்தான்ல ஒருத்தன் வாயத் தொறந்தா, இங்க டீக்கடையில நம்மள ஒரு மாதிரி பாக்கறான். ரெண்டு நாடும் உக்காந்து பேசினா நமக்கு இது இருக்காது," என்பார். பாகிஸ்தானின் மதராஸ் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி கடப்பா தர்காவுக்குப் போகிறார், ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருப்பார் என்று திருப்பதிப் பள்ளிவாசல் அஜரத் சொல்லி அனுப்பினார். போய்ப் பேசுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

எங்கள் அஜரத் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இன்ன இடத்தில் இன்னாரோடு பேசப் போகிறோம் என்று சொன்னார். மறைக்கிற காரியம் இல்லை என்றார். அவர்கள் மஃப்டியில் ஒரு போலீஸ்காரரை எங்களோடு அனுப்பினார்கள்.

அப்பாவை அத்தா என்போம். அவர் அப்போது பள்ளிவாசல் முத்தவல்லி. நிர்வாகம் பார்த்தவர். அவரும் போனார். அவருக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் ஏற்றி இறக்க நான் போனேன்.

கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "மத்ததெல்லாம் நாட்டுக் காரியம். கடைசியா ஒரு வார்த்த நம்ம காரியம்."

"அதுக்குதான நான் போறேன்," என்றார் அத்தா.

அதிகாரி சின்ன வயது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் சொன்னார். டீ வரவழைத்தார். வெயிட்டிங் ரூமில் இரண்டு அஜரத்துகளும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அத்தா பக்கத்தில். நான் சுவரோரம் நின்றேன். போலீஸ்காரர் வாசலில் நின்றார்.

எங்கள் அஜரத் உருதுவில் பேசினார். எனக்கு உருது அரைகுறை. இருந்தாலும் புரிந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டால் நடுச்சுவருக்குத்தான் சேதம், நாங்கள் அந்தச் சுவர் என்றார். நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள், செத்தாலும் இங்கேதான் அடங்குவோம், ஆனால் நீங்களும் எங்கள் சர்க்காரும் பேச வேண்டும் என்றார். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். திருப்பதி அஜரத் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்தது அண்ணன் விஷயம். அத்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நேரம் அதிகாரி மரியாதைக்கு ஒன்று கேட்டார். "இங்கே ஏதோ எல்லைப் பிரச்சினை என்று பேப்பரில் பார்த்தேன். உங்கள் சித்தூர் எந்த ராஜ்யத்தில்?"

"ஆந்திராவில்," என்றார் திருப்பதி அஜரத்.

"இப்போதைக்கு," என்றார் எங்கள் அஜரத்.

திருப்பதி அஜரத் திரும்பினார். உருது அதோடு போயிற்று.

"இப்போதைக்குன்னா ஏமி அர்த்தம் அஜரத்?"

"சித்தூரு எங்க தமிழ்க்காரங்களுது. பஜார்ல தமிழு. பள்ளிவாசல்ல பயான்கூட தமிழுதான்."

"உங்க பள்ளிவாசல்ல. எங்க ஊர்ல வந்து பாருங்க."

"உங்க ஊரும்தான். மலை வரைக்கும் எங்களுது."

"மலையா? அந்த மலை உங்களுக்கு இன்னாத்துக்கு? மொட்டை போட்டுக்கினு வரப் போறீங்களா?"

"மொட்டை போடறவன் போட்டுக்குவான். எல்லைன்னா எல்லைதான்."

அத்தா தடியைத் தரையில் தட்டினார். வீட்டில் உப்புக் குறைந்தாலும் வாய் திறக்காதவர். "நகரி, புத்தூரு, சத்தியவேடு, எல்லாம் எவன் உழுத மண்ணு? இன்னாத்துக்கு வுட்டுக் குடுக்கணும்?" என்றார். அவர் குரல் அவ்வளவு எழுந்து நான் கேட்டதில்லை.

நாட்டுக்கு விரோதமாக நாங்கள் ஏதாவது பேசுகிறோமா என்று கேட்க வந்த போலீஸ்காரர் உள்ளே வந்துவிட்டார். "பாய் சொல்றது ஞாயம். திருத்தணிய எப்பிடிக் குடுத்தானுங்கன்னு கேளுங்க."

"நீ யாருய்யா?"

"நான் போலீசு."

"போலீசுக்கு இதுல இன்னா வேலை? மீரு பைட்ட உண்டண்டி," என்று திருப்பதி அஜரத் வாசலைக் காட்டினார்.

"வெளிய நிக்கறேன். மலைய மட்டும் வுட மாட்டோம்."

அதிகாரிக்கு ஒரு சொல் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து இரண்டு அஜரத்துகளுக்கும் நடுவில் போய் நின்றார். ஆளுக்கொரு தோளில் கை வைத்து, "சாஹிப், சாஹிப், தயவு செய்து உட்காருங்கள்," என்றார். ஆறிப்போன டீயை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மணி அடித்தது. கூலியாள் பெட்டியைத் தூக்கினான். அதிகாரி எல்லோருக்கும் கை கொடுத்தார். நீங்கள் சொன்னதை எங்கள் பெரியவர்களிடம் சொல்கிறேன் என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் முகமில்லை.

வண்டி நகர்ந்த பிறகுதான் அத்தாவுக்கு அண்ணன் நினைவு வந்தது. தடியை ஊன்றிக்கொண்டு வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நான் பேசிப் பழக்கமில்லை. அன்றும் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் போலீஸ்காரரும் எங்களோடு வந்தார். வேர்க்கடலை வாங்கி நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

"ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதறது அஜரத்?"

"நடந்தத எழுதுங்க."

"நடந்தத எழுதினா என் வேலை பூடும்."

வீட்டில் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டீங்களா?"

"நேரம் பத்தல," என்றார் அத்தா.

"அப்பிடி இன்னா பேசினீங்க?"

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சோறு போட்டாள்.

மறுநாள் காலை அஜரத் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் தலை குனிந்து நின்றார். திரைக்குப் பின்னால் அம்மா இருந்தாள்.

"அம்மா, நாங்க கேக்காம வந்துட்டோம். சமாதானம் பேசப் போய் நாங்களே அடிச்சிக்கினோம். எம் மேல தப்பு."

அம்மா கேட்டாள்: "மலை யாருக்குன்னு தீந்துச்சா அஜரத்?"

"இல்லம்மா."

அஜரத் அண்ணன் விஷயமாகத் தானாகவே மதராஸுக்குப் போனார். அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர் அவரைப் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை. அஜரத் அதன் பிறகு எங்கள் தெரு வழியாக நடப்பதைக் குறைத்துக்கொண்டார். திருப்பதி அஜரத்தும் அவரும் பேசிக்கொள்ளப் பல காலம் ஆயிற்று.

எல்லையும் ஒரு நாள் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அண்ணன் அதற்குப் பிறகுதான் வந்தான். அம்மாவுக்கு அப்போது பார்வை சுத்தமாக இல்லை. அவனை எதிரே உட்காரவைத்து, நெற்றியிலிருந்து தாடை வரை மெதுவாகத் தடவினாள். "மீச வெச்சிக்கினியா?" என்றாள்.

அத்தா வீட்டில் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். கூப்பிடப் போனேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்துட்டாளா?"

"தடவிப் பாத்துச்சி."

அவர் எழுந்திருக்கவில்லை. நீ போ என்று கை காட்டினார்.