இறந்தோர் பட்டியலில் மூன்றாவது வரி

எங்கள் பங்குக் கோயிலுக்கு இணையதளம் செய்து தருகிறேன் என்று நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பூசைக்கு வந்தே பல வருடமான ஒருவன் இதற்கு ஏன் முன்வருகிறான் என்று பங்குச்சாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அபிராமபுரத்து மாடிப் போர்ஷனில் நாள் முழுக்க யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஞாயிறு பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார்கள். கல்லறைக்கு வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவும் செய்வார்கள். இதுவரை துண்டுச்சீட்டில் நடந்த வேலை அது. நான் அதைப் படிவமாக்கினேன்: இறந்தவர் பெயர், கொடுப்பவர் பெயர், உறவு, இறந்த நாள், அடக்கம் செய்த இடம். மந்திரிக்க வருகிறவர் கல்லறையைத் தேடி அலையக் கூடாது. அதனால் கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் போகாது என்று வைத்தேன். சேர்ந்த பெயர்களின் பட்டியல் சனிக்கிழமைதோறும் தானாகவே பங்கு அலுவலகத்துக்குப் போய்விடும்.

முதலில் எல்லாம் என் மடிக்கணினிக்குள்ளேயே ஓடியது, எனக்கு மட்டும் தெரிகிற சோதனை சர்வரில். சோதிக்கப் பெயர்கள் வேண்டும். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் போட்டேன். மூன்றாவதாக நீளமான பெயர் ஒன்று தேவைப்பட்டது. உயிரோடு இருக்கிற ஒருவரை இறந்தோர் பட்டியலில் ஏற்ற எனக்குக் கை வராது. கற்பனையாகப் போடலாம் என்றால், எங்கள் ஆட்கள் ஒரே பத்துப் பெயரைத்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். எதைப் போட்டாலும் அந்தப் பெயரில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் என் பெயரையே, ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து முழுசாகப் போட்டேன். என்னைச் சாகடித்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்.

பிறகு பெயர்கள் சேரும் டேட்டாபேஸை ஒரே கோப்பாக எடுத்து, தளத்தை இணையத்தில் வைக்க வாடகைக்கு வாங்கிய ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். தளம் திறந்தது. ஆனால் தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. அப்பா, அம்மா, நான் மூவருமே வெறும் கேள்விக்குறிகளாக நின்றோம். என் கணினி எழுத்தைச் சேமிக்கும் முறை வேறு, ஹோஸ்டிங்கில் இருந்த முறை வேறு. ஒரு பகல் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு, அங்கே எல்லாவற்றையும் அழித்து, அமைப்பை மாற்றி, மறுபடி ஏற்றினேன். சாயங்காலம் மூன்று பெயரும் பளிச்சென்று தெரிந்தன. என் பெயரில் ஒரு கொம்பு, ஒரு கால்கூடப் பிசகவில்லை. தன் பெயரை இறந்தோர் பட்டியலில் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தளம் தயார் என்று பங்குச்சாமியாருக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிறு பூசையில் முகவரியை அறிவித்துவிடுகிறேன் என்றார். சோதனைக்காகப் போட்ட வரிகளை நீக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அந்த ஞாயிறும் நான் பூசைக்குப் போகவில்லை. நவம்பரில் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன். அப்பா அம்மா பெயர் வாசிப்பதைக் கேட்க ஆதம்பாக்கத்திலிருந்து அக்கா வருவாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, குழிமேட்டில் எல்லார் முன்னாலும், “சாகக் கெடந்தப்ப ஒரு நாள் வந்து பாத்தியாடா நீ?” என்று கேட்டவள் அவள். கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போது நான் இருந்த சைதாப்பேட்டை வீட்டைக் காலி செய்தேன், போன் எண்ணையும் மாற்றினேன். இரண்டையும் அவளிடம் சொல்லவில்லை. ஆறு வருடமாகிறது.

புதன்கிழமை, தளத்தைக் கையாளச் சொல்லிக்கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சர். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“சார், ஞாயித்துக்கெழம பூசைல உங்க பேர வாசிச்சாங்க. உங்க சைட்லேருந்து வந்த லிஸ்ட்லதான் இருந்துச்சு. அதே பேர்ல வேற யாரோன்னு நெனச்சேன்.”

“யாராவது வந்து விசாரிச்சாங்களா டீச்சர்?”

“ஒருத்தரும் கேக்கல சார், கவலப்படாதீங்க,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கோயில் நிறையக் கூட்டம் இருந்திருக்கும். சிறுவயதில் என்னோடு ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள் எத்தனையோ பேர். என் ஆன்மாவுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் எத்தனையோ பெயர்களைக் கேட்டுவிட்டு அப்படிப் போனவன்தான். ஆனாலும் வலித்தது. செத்தால் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு ஒருவன் லஸ் கார்னர் வழியாக வீட்டுக்கு நடப்பது நல்ல அனுபவம் இல்லை.

வந்ததும் என் வரியை நீக்க டேட்டாபேஸைத் திறந்தேன். மேலே நாங்கள் மூவரும் இருந்தோம். கீழே மற்ற குடும்பங்களின் பெயர்கள். கடைசிக்குப் பக்கத்தில் மறுபடியும் என் பெயர். அது நான் போட்டது இல்லை. ஞாயிறு சாயங்காலம் யாரோ படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.

கொடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். உறவு: தம்பி. இறந்த நாள் காலியாக இருந்தது. அடக்கம் செய்த இடம்: தெரியவில்லை.

அடுத்த ஞாயிறும் எனக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று, அந்தக் கட்டத்தையும் காலியாக விட்டுத்தான் அனுப்பப் பார்த்திருப்பாள். ‘இதைக் கட்டாயம் நிரப்பவும்’ என்று நான் எழுதி வைத்த சிவப்பு வரி வந்து நின்றிருக்கும். தனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பியைப் புதைத்துவிட்டார்கள் என்று நம்பி, யாரிடமும் போய்க் கேட்கத் தெம்பில்லாமல், அதற்கும் பதில் தட்டியிருக்கிறாள். மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். என்னை அழைக்க அவளிடம் எண் இல்லாமல் செய்தேனே தவிர, அவள் எண் எனக்கு மனப்பாடமாகத்தான் இருந்தது. அழைத்தேன்.

“அக்கா,” என்றேன்.

நான் தளம், சோதனை, நீக்க மறந்தது என்று உளறிக்கொட்டினேன். எதையும் அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“எங்க கீற நீ?” என்றாள்.

தெருப் பெயர், கதவு எண், மாடி எல்லாம் சொன்னேன். இரு என்று சொல்லிவிட்டுப் பேனா தேடினாள். பிறகு முதலிலிருந்து சொல்லச் சொல்லி, அழுதுகொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டாள்.