விற்க மாட்டேன் என்றவர்கள்

பங்குத் தரகரின் ஏஜென்டுக்கு வாங்க வைப்பது சுலபம். விற்க வைப்பதற்குள் பிராணன் போய்விடும். ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூர் கன்டோன்மென்டில் சைக்கிள் மிதித்து இந்தப் பிழைப்புத்தான் பிழைத்தேன். இன்ஷூரன்ஸ், சீட்டு என்று எதையாவது சொல்லி வாய் வறண்ட சகோதரர்களே, நீங்களாவது என்னை நம்புங்கள்.

பிடித்தம்

ராஜமாணிக்கம் கோலார் தங்கவயலில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செல்லம்மாவோடு தொம்மலூரில் வாடகைக்கு இருந்தார். பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தை என் பேச்சைக் கேட்டு ஒரு நூல் மில் பங்கில் போட்டிருந்தார். கம்பெனி லாபத்தில் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்ட் முதல்முதலாக வந்த அன்றே, அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்துவிட்டார். கம்பெனி வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தது. வந்த பணம் பாங்கு வட்டியைவிட அதிகம்தான். அது அவர் கண்ணில் படவே இல்லை. பிடித்த பணம்தான் முள்ளாகக் குத்தியது.

"உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது, மனுப் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்" என்று சொல்லி மனுவையும் நானே எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"வோணாம் சார். அந்த வரி ஆபீசுல நம்ம பேரு ஏறிச்சுன்னா, அப்புறம் வருசா வருசம் வூட்டாண்ட வந்து நிப்பானுங்க."

மானக் கணக்கு

சிக்கபேட்டை ஜவுளிக்கடை நாராயணசாமி பெரிய கை. அவருடைய சர்க்கரை ஆலைப் பங்கு ஏறியிருந்தது, சிமெண்ட் பங்கு படுத்துக் கிடந்தது. பங்கு விற்ற லாபத்துக்கு ஒரு வரி, சுதந்திரம் வந்த சமயத்தில் வந்து, போய், அப்போது மறுபடி வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து விற்றால் நஷ்டத்தை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், வரி அநேகமாக இருக்காது என்று அவருடைய ஆடிட்டரே சொன்னார். நானும் கெஞ்சினேன். அவர் சர்க்கரையை மட்டும் விற்று, வரியை முழுசாகக் கட்டினார்.

"வரி எல்லாரும் கட்டறதுதான், ஸ்வாமி. சிமெண்ட்டை வித்தா நான் ஏமாந்தவன்னு ஆயிடும். விக்கிற வரைக்கும் அது நஷ்டமே இல்லை."

வீடு

நூல் மில் பங்கு ஏறு ஏறென்று ஏறியது. அதே சமயம் ராஜமாணிக்கத்தின் வீட்டுக்காரர் வீட்டை விற்கத் தீர்மானித்து, முதலில் இவரையே கேட்டார். பங்கை விற்றால் வீட்டு விலைக்குச் சரியாக இருந்தது. செல்லம்மா முன்னறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டார்.

இவரோ லாபத்தில் வரி போய்விடும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சின்ன லாபத்துக்கு விலக்கு உண்டு, ஒரு காசும் கட்ட வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். பழைய டிவிடெண்ட் சீட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுக்கும் வரி இல்லன்னுதான் சொன்னீங்க. புடிச்சானா இல்லியா?"

குடி மாற்றம்

மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. மதராஸிலிருந்து விலை சொல்லித் தந்தி வந்தது. வாங்கிய விலைக்கும் கீழே போயிருந்தது பங்கு. வீட்டை வேறொருவர் வாங்கி, இவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நான் போனபோது வாசலில் கைவண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. இருப்பதையாவது விற்று மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "இப்ப வித்தா நஷ்டம் சார்" என்றார் ராஜமாணிக்கம். பிறகு, தாங்க முடியாத ஒன்றைத் தாங்கிக்கொள்வதற்காகவோ என்னவோ, "ஆனா ஒண்ணு. லாப வரின்னு சர்க்காருக்கு நான் ஒத்தப் பைசா குடுக்கல" என்று நிமிர்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்லம்மா அம்மிக் கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"அப்ப நீ மிச்சம் புடிச்ச அந்த வரியையும் வண்டில ஏத்துய்யா, போலாம்."

சர்க்காருக்கு வரியும் போகவில்லை, அவர்களுக்கு வீடும் வரவில்லை, எனக்குக் கமிஷனும் கிடைக்கவில்லை. எல்லோரும் பத்திரமாகக் காப்பாற்றிய அந்த லாபம் எங்கே போனது என்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.