கடற்கரையில் இருக்கிறார்

வெளிநாட்டில் கடலோரத்தில் குடியிருக்கிறோம் என்று ஊரில் சொந்தக்காரர்களிடம் சொன்னால் பெருமூச்சு விடுகிறார்கள். எங்கள் அறை ஓட்டலின் சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரிவது கடல் இல்லை, வெந்நீர்க் குழாய். கடலிலிருந்து எங்களுக்கு ஒழுங்காக வந்து சேர்வது மணல் மட்டும்தான். படுக்கையில் மணல், சோற்றில் மணல், சண்டை வந்தால் வாயிலும் மணல். நான் ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறவன், அதனால் கொஞ்சம் சுத்தமான ஆள். மணலைக் கூட்டிக்கொண்டு வருபவர் குடைமாமா.

அவருக்குக் கடற்கரையில் வெயில்குடை நடுகிற வேலை. விடியும்போதே இரும்புக் கம்பியால் மணலில் குழி போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் குடையைச் சாய்த்து நட்டு, அடியில் சாய்வு நாற்காலிகளைப் போட வேண்டும். காற்று திசை மாறினால் அத்தனை குடைகளையும் திருப்ப வேண்டும். மாலையில் பிடுங்கி அடுக்க வேண்டும். விருந்தினர்கள் பாதியில் விட்டுப்போகும் வெயில் களிம்பைத்தான் அவர் பூசிக்கொள்வார். ஒரு நாள் தேங்காய் மணக்கும், மறுநாள் வாழைப்பழம். அறைக்குள் நுழைந்ததும், இன்றைக்கு என்ன பழம் என்று கேட்போம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோடை முழுக்க இங்கே லீவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. மழை தொடங்கிக் கடற்கரை காலியானதும், கிளம்பு கிளம்பு என்று எல்லாரையும் துரத்திவிடுவார்கள். ஆகவே இங்கே பெய்கிற மழைதான் ஊரில் குடைமாமா வீட்டுக்கு நாள்காட்டி. கல்யாணம், கூரை மாற்றுவது, பல் பிடுங்குவது எல்லாம் அப்போதுதான். அதன் பலனாக அவருடைய மூன்று பிள்ளைகளும் கோடையின் உச்சத்தில் பிறந்தவர்கள். கணக்குத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் ஒரு பிரசவத்துக்கும் போனதில்லை. தனக்குக் கிடைத்ததெல்லாம் தலை நின்ற பிள்ளைகள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார். மூத்த மகள் அவரை முதல் தடவை பார்த்தபோது, யாரோ திருடன் வந்துவிட்டான் என்பதுபோல வீறிட்டு அழுதாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் வேடிக்கை இருக்காது.

அந்த மகளுக்கு அவர் மாப்பிள்ளை பார்த்த விதம் எங்கள் அறையில் பிரசித்தம். பக்கத்து ஓட்டல் கடற்கரையில் ஒரு பையன் குடை நட்டுக்கொண்டிருந்தான். நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன், கெட்ட பழக்கம் கிடையாது, நட்ட குடை புயலுக்கும் அசையாது. குடைமாமா அவனை ஒரு கோடை முழுக்க நோட்டம் விட்டார். பிறகு எங்கள் ஓட்டலுக்கே இழுத்துக்கொண்டார். ஜாதகம் பார்த்து மாப்பிள்ளை எடுப்பார்கள், இவர் கம்பு நடுவதைப் பார்த்து எடுத்தார். பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை, தனக்குத் துணைக்கு ஆள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. ஒருத்தரைக் கடலுக்குக் கொடுத்தது போதாதா என்று அவர் மனைவி போனில் கேட்டிருக்கிறார். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதுவரை அவர் எங்களுக்குக் குடையண்ணன். மருமகன் வந்து மாமா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அறை முழுக்க அவரை மாமா ஆக்கிவிட்டது. மருமகனிடம் அவருக்கு இரண்டு நாக்கு. மணலில் நிற்கும்வரை, டேய் கம்பியைப் பிடிடா. அறைக்குள் கால் வைத்ததும், மாப்பிள்ளை சாப்பிட்டீங்களா.

கல்யாணம் மழையில்தான் நடந்தது. ஆகவே முதல் குழந்தையும் கோடையின் உச்சத்துக்குத்தான் நாள் குறித்தது. குடைமாமா இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். கோடை தொடங்கும் முன்பே சூப்பர்வைசரைப் பிடித்துத் தொங்கினார். இத்தனை வருஷத்தில் கோடையில் ஒரு நாள்கூட லீவு கேட்காத ஆள் என்பதால் அந்த மனிதரும் இளகினார். ஆனால் குடைக்கு இருப்பது இரண்டு பேர், போவது ஒருவர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா குதிக்காத குறை. கண் திறக்காத குழந்தையை இந்தத் தடவை கையில் வாங்கப் போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பழைய துண்டுதான் பச்சைக் குழந்தைக்கு இதம் என்று, சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசி, பையில் மடித்து வைத்தார். பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

மருமகனும் போய் லீவு கேட்டிருக்கிறான். உன் மாமனார் முந்திக்கொண்டார் என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். இது அடுக்களை வழியாக எனக்குத் தெரியும். பையன் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு மாமாமேல் எரிச்சலாக வந்தது. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், இவருக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்த மருமகனையே மறைத்துவிட்டது.

கடல்காற்றில் மாமாவுக்குக் காது மந்தம். போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அவர் வீட்டு விஷயம் எல்லாம் எங்களுக்கும் விஷயம். ஒரு நாள் மாலை நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி பேசினார். மாமா பை கட்டிய கதையைத் தொடங்கினார். அந்த அம்மா கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“மூத்தவ பொறந்தப்போ நர்சு என்கிட்ட, வீட்டுக்காரர் எங்கம்மான்னு கேட்டாங்க. கடற்கரையில இருக்காருன்னு சொன்னேன். பொண்டாட்டி வலியில கெடக்கா, அந்தாளுக்குக் காத்து வாங்கப் போகணுமான்னு திட்டினாங்க. வெளிநாட்டுல வேலைன்னு சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்ல. அதையே இப்ப இவளும் சொல்லணுமாங்க?”

யாரும் வாயில் சோற்றை வைக்கவில்லை. இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மாமா கேட்டார். சொல்லி என்ன ஆகப் போகிறது, மழைக்குத்தானே வருவீர்கள் என்றார் அந்த அம்மா. அதில் கோபமே இல்லை. அதுதான் மாமாவைச் சுட்டது என்று நினைக்கிறேன். மருமகன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

மறுநாள் மாமா சூப்பர்வைசரிடம் போய்ப் பெயரை மாற்றச் சொன்னார். இது என்ன பேருந்து இருக்கையா, மாற்றி மாற்றி உட்கார என்று அவர் கத்தினாராம். கத்திவிட்டு மாற்றிக் கொடுத்தார். மாமா அறைக்கு வந்து கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து மருமகன் மடியில் வைத்தார்.

“நீங்க போங்க மாமா. எவ்வளவு ஆசையா இருந்தீங்க.”

“என் ஆசைக்கு என் பொண்ணு ஏன் தனியா கெடக்கணும்? நீங்க கெளம்புங்க மாப்பிள்ளை.”

பையன் கிளம்பிப் போனான். மாமா இரண்டு நாள் களிம்பே பூசவில்லை, தோல் உரிந்து திரிந்தார். வருத்தம் இல்லை என்று கேட்காமலே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்ய முடியாது என்று நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் கம்பைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மணலை மிதித்து இறுக்க வேண்டும். அடுக்களையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் நான் போய் மிதித்தேன். மாமா என்னையும் டேய் போட்டார். நட்ட முதல் குடையே சாய்ந்து ஒரு பெரிய மனிதரின் வயிற்றில் விழுந்தது. அவர் என்னைத் திட்டினார், பாஷை தெரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். திடீரென்று காற்று திரும்பியது. முன்வரிசையில் ஒரு குடை பிய்த்துக்கொண்டு கிளம்ப, மாமா பாய்ந்து அதன் கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். நான் குனிந்து மணலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. விட்டால் குடை யார் தலையில் இறங்குமோ. நானே போனை உருவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

திரையில் மருமகன். அவன் கையில் சலவைக்கூடத்துத் துண்டு, துண்டுக்குள்ளே சிவப்பாகச் சுருங்கிய ஒரு முகம், கண் திறக்கவில்லை. பின்னால் கட்டிலில் அவர் மகள் படுத்திருந்தாள். ஒரு நர்ஸ், அப்பா வந்தாச்சு, தாத்தா எங்கே என்று கேட்பது கேட்டது. மாமாவின் மனைவி சொன்ன பதில் நர்சுக்கு மட்டும் சொன்னது மாதிரி இல்லை.

“கடற்கரையில இருக்காரு. அவர் அங்க நிக்கிறதாலதான் இவர் இங்க நிக்கிறாரு.”

மாமா கம்பைக் கட்டிக்கொண்டே அழுதார். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. எனக்குப் போனைப் பிடிக்கிற வேலை இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் தன்மேல் வெயில் விழுகிறது என்று குடையைக் காட்டினாள். மாமா கம்பை விடாமல், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், குடையை மெதுவாக அவள் பக்கம் சாய்த்தார்.

“டேய், நல்லா மிதிடா,” என்றார்.