மேஜருக்கு என்னைப் பிடிக்கவில்லை

போன மாதம் ஒரு நாய் என் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது. கடிநாய் இல்லை — ஊரே கொஞ்சுகிற நாய். அதுதான் வேதனையே.

ரவாங் பக்கத்திலிருந்து எனக்கு டிரான்ஸ்பர் ஆனதைப் பற்றி இந்தப் பத்தியில் போதுமான அளவு புலம்பிவிட்டேன். இப்போது கோல சிலாங்கூருக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் இரண்டாம் கிராணி. அதாவது, நான் எழுதுவேன். பெரிய கிராணி கையெழுத்துப் போடுவார்.

தோட்டத்துத் துரை பழைய பட்டாளத்துக்காரர். கேப்டனாக இருந்தவர். தன் நாய்க்கு மேஜர் என்று பெயர் வைத்திருக்கிறார். ராணுவ வழக்கப்படி பார்த்தால் தினமும் காலையில் துரைதான் நாய்க்கு சலாம் போட வேண்டும்!

மேஜரைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. தபால் கொண்டுவரும் மலாய்க்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவர் மேல் ஏறிவிடும். மீன் விற்கும் சீனர், ஸ்டோர் வாசலில் காவலிருக்கும் பஞ்சாபி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் குழந்தைகள்... எல்லோருக்கும் ஒரே வாலாட்டல். ஒரு முறை ரப்பர் ஷீட்டுகளைத் திருடிக்கொண்டு போனவனைத் தோட்டத்து எல்லை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்ததாம்.

அப்பேர்ப்பட்ட மேஜர் முதல் நாள் என்ன செய்தது?

விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது தோட்டத்து வழக்கம். பெரட்டு என்பார்கள். வந்தவர்களைக் குறிக்கிற செக்ரோல் புத்தகத்தோடு நான் போய் நின்றேன். துரைக்கு முன்னால் மேஜர் துள்ளிக்கொண்டு வந்தது. பத்தடி தூரத்தில் சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கியது. முதுகு மயிர் பிரஷ் மாதிரி எழும்பியது. அப்புறம் பல்லைக் காட்டி ஓர் உறுமல் — என் கையிலிருந்த புத்தகம் நழுவிச் சேற்றில் விழுந்தது.

வரிசை முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

துரை என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அன்று தமிழ்.

“கிராணி, நீ நாயை அடிச்சியா?”

“இல்லீங்க துரை. இப்பத்தான் பார்க்கிறேன்.”

“அது யாரையும் கோவிக்காது. உன்னை ஏன் கோவிக்குது?”

நாயைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். புதிதாக வரும் இரண்டாம் கிராணியிடம் அரிசி ஸ்டோர் சாவியைக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. “இந்த மாசம் பெரிய கிராணியே வச்சிருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்” என்றார் துரை. நான் அங்கே தங்குவேனா, மூட்டை கட்டுவேனா என்பதெல்லாம் அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். நல்லவர். ஆனால் நாய் விஷயத்தில் நாயின் கட்சி.

“தம்பி, உதுக்கு ஆளைத் தெரியும். இவ்வளவு வருஷத்திலை ஒரு நாளும் பிழை விட்டதில்லை.”

“ஷீட் திருடினவனை வழியனுப்பிச்சே ஐயா?”

கந்தையா கொஞ்சம் யோசித்தார். “அண்டைக்கு அதுக்குச் சுகமில்லை” என்றார்.

மண்டோர் வீராசாமி, ஆட்களை வேலை வாங்கும் தலைவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கிராணியாரே, கோவிச்சுக்காதீங்க. லயத்துல ஒரு பேச்சு நடக்குது.”

“என்ன பேச்சு?”

“ரவாங்குல நீங்க யாரையோ... ச்சே, நான் நம்பலைங்க!”

யாரை? என்ன செய்தேன்? அதை மட்டும் அவர் கடைசி வரை சொல்லவேயில்லை.

வைத்தியம் சொல்லாத ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பாரும் என்றார் கந்தையா. கழற்றினேன். பெரட்டில் முனியாண்டியை முனியம்மா என்று கூப்பிட்டேன். முனியாண்டி மீசையைத் தடவிக்கொண்டே “இருக்கேனுங்க” என்றான். நாய் உறுமியது. குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நனைந்தேன். நாய் உறுமியது. பிஸ்கட் போடுங்க என்றார் வீராசாமி. போட்டேன். வெடிகுண்டு விழுந்த மாதிரி மேஜர் பின்னால் தாவி ஓடியது. பிஸ்கட்டைக் கோழி தின்றது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஒரு நாள் சாயந்திரம் லயத்து வழியாக வந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே நம்மிடம் ஏதாவது கோளாறு இருக்கிறதோ? நமக்கே தெரியாத ஒன்று அந்த நாய்க்குத் தெரிந்திருக்கிறதோ? இப்படியெல்லாம் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் ஆறுதல் கிடைத்ததா? கேளுங்கள். நான் ஆபீசுக்குப் போனதும் மேஜர் எங்கள் வீட்டு அடுக்களை வாசலுக்கு வந்துவிடுமாம். என் மனைவி செண்பகம் கருவாட்டுத் தலை போடுவாளாம். அது அவள் காலடியில் படுத்துத் தூங்குமாம்!

“தங்கமான நாய்ங்க. மனுசங்கள நல்லா எடை போடுது” என்றாள் செண்பகம்.

சொன்னாளே தவிர, அன்றிலிருந்து விஷயத்தை அவள்தான் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் நான் கழற்றிப் போட்ட வேட்டியைத் துவைக்க எடுத்து வாசலில் வைத்திருக்கிறாள். கருவாடு தின்ன வந்த மேஜர் வேட்டியைப் பார்த்து உறுமியிருக்கிறது. வேட்டிக்குள் நான் இல்லை என்பதைக் கவனியுங்கள். செண்பகம் கவனித்தாள். துவைத்த வேட்டி ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாள். மேஜர் அதன் மேல் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது!

நான் வீட்டுக்கு வந்ததும் அழுக்கு வேட்டியை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“முழங்கால் படுற இடத்துல மட்டும் ஏன் இப்படி நாறுது?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது.

வாசகர்களே, உங்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்தத் தோட்டத்தில் இரண்டாம் கிராணி சைக்கிளில்தான் சுற்ற வேண்டும். எனக்கு சைக்கிள் விடத் தெரியும் என்று துரையிடமும் சொல்லியிருந்தேன், செண்பகத்திடமும் சொல்லியிருந்தேன். தெரியாது. வேலைக்குச் சேர்வதற்கு முன் கோல சிலாங்கூர் டவுனில் இரண்டு நாள் தங்கி ரகசியமாகப் பழகினேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். தூக்கிவிட்டவர் அங்கே மருந்து விற்கிற ஒரு மலாய்க் கிழவர். தூக்கிவிட்ட கையோடு ஒரு பாட்டில் எண்ணெயையும் நீட்டினார். புலிக் கொழுப்பாம். அசல் புலியாம்.

புலியாவது! விளக்கெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து விற்கிறார், ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வலி. வாங்கிவிட்டேன். தினமும் குளித்ததும் தடவிக்கொண்டுதான் பெரட்டுக்குப் போனேன். பாட்டிலைக் குளிக்கிற அறைக் கூரை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தேன்.

செண்பகம் கேட்டு முடித்தாள். “சைக்கிள்லேருந்து விழுந்ததச் சொல்லியிருந்தா நான் என்ன சிரிச்சிருக்கவா போறேன்?” என்றாள். பிறகு, அடக்க முடியாமல், கால் மணி நேரம் சிரித்தாள்.

மறுநாள் உடம்பைத் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துரை முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சைக்கிள் உட்பட. கந்தையா ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“புலியா?” என்று துரை பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினார்.

அவருடைய மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மேஜர் எழுந்தது. உறுமல்கூட இல்லை. ஒரே ஓர் ஊளை. மேஜை ஆடி மைக்கூடு கவிழ்ந்தது. நாய் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

துரை உடனே தக்கையை இறுக்கி மூடினார். பிறகு இங்கிலீஷில், தணிந்த குரலில் சொன்னார். மேஜரோடு கூடப்பிறந்த பெட்டை நாய் ஒன்று அவரிடம் இருந்ததாம். புதிதாகக் காடு வெட்டின இடத்துக்கு இரண்டும் அவர் கூடப் போயிருக்கின்றன. புதரிலிருந்து புலி பாய்ந்து பெட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேஜர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறது. அதன் பிறகு மூன்று நாள் பங்களாவுக்கு அடியில் புகுந்துகொண்டு, சாப்பிடாமல் கிடந்ததாம்.

“ஓம், ஓம்... அப்பிடியொண்டு நடந்ததுதான்” என்றார் கந்தையா. “எனக்கு நினைவே வரேல்லை, பாரும்.”

ஒன்று சொல்லட்டுமா? இப்போது நினைத்துப் பார்த்தால், அத்தனை நாளும் உறுமியபோது மேஜரின் வால் இரண்டு காலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. துரை கவனிக்கவில்லை, கந்தையா கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எல்லோரும் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயத்தில் நடுங்குகிற ஒரு ஜீவனைக் கோபக்காரன் என்று முடிவு கட்டி, அந்தக் கோபத்தை வைத்து என்னைக் கெட்டவன் என்றும் முடிவு கட்டியாகிவிட்டது! மனிதர்களிலும் முறைத்துப் பார்க்கிற எத்தனை பேர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்களோ... யார் கண்டது?

நான் மட்டும் யோக்கியமா? தூக்கிவிட்ட மனிதரையே முகத்தைப் பார்த்து மோசக்காரர் என்று எடை போட்டவன்தானே. மனசு கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போய்க் கிழவரைத் தேடிப் பிடித்தேன். “உங்கள் எண்ணெய் அசல்தான்” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் துளியும் ஆச்சரியப்படவில்லை. இன்னொரு பாட்டிலை எடுத்து நீட்டினார். ஓடி வந்துவிட்டேன்.

பாட்டிலைத் திறந்து பார்த்த அன்றே துரை ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டார். பாட்டிலை வீராசாமி தோட்டத்துக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தார். லயத்தில் இப்போது வேறு பேச்சு: கிராணியார் ரவாங்கில் புலி அடித்தவராம்! மறுத்துப் பார்த்தேன். தன்னடக்கம் என்கிறார்கள்.

மேஜர் மட்டும் அவசரப்படவில்லை. முதல் நாள் இருபதடி தள்ளி நின்று மூக்கைத் தூக்கியது. அடுத்த நாள் பதினைந்தடி. நான் கூப்பிடவுமில்லை, பிஸ்கட் போடவுமில்லை. என் பாட்டுக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாளோ என்னவோ, காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தேன். மேஜர் என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அதற்கு மேல் இரண்டு பேர் ‘இருக்கேன்’ என்று சொல்லியும் எனக்குக் காதில் விழவில்லை. புத்தகத்தில் ஆப்சென்ட் போட்டுவிட்டு, அப்புறம் அடித்துத் திருத்தினேன்.

ஆக, மேஜர் என்னை மோப்பம் பிடிப்பதை நிறுத்திவிட்டது. செண்பகம் ஆரம்பித்துவிட்டாள்.