சந்திரகலா போட்ட ஆறு கையெழுத்து

சந்திரகலாவைப் பற்றி எங்கள் கடை வரிசையில் இப்போது யாரைக் கேட்டாலும், டத்தோ பழனியப்பனோடு சேர்ந்து எங்களை விற்கப் பார்த்தவள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கப் போவார்கள். அந்த வியாபாரமே அவள் காப்பாற்றிக் கொடுத்தது என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. எனக்கு அது நெஞ்சை அறுக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி எங்கள் இருபத்திரண்டு கடைகள். ஒன்பதாம் எண் என்னுடையது. தேங்காய் துருவிப் பால் பிழிந்து கொடுப்பேன். பத்தாம் எண் அவளுடையது, வடையும் கறிபாப்பும். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். என் மெஷின் ஓடும்போது அவள் பேசுவது எனக்குக் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

கேரி தீவு தோட்டத்தில் பிறந்தவள். இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. கணவர் போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும் மனிதர். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் இவளே பேசினாள். எங்கள் வரிசைக்கு வேண்டியதையும் இவளே எழுதினாள். சாக்கடை அடைத்தால் ஒரு கடிதம், விளக்கு எரியவில்லை என்றால் ஒரு கடிதம். மலாயில், அச்சடித்த மாதிரி கையெழுத்தில் எழுதுவாள். எனக்கு வந்த ஆஸ்பத்திரி பாரத்தைக்கூட அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள். வரிசையில் எல்லாருடைய ஐசி என்ற அடையாள அட்டை எண்ணும் அவளுக்கு மனப்பாடம்.

மூன்று வருடத்துக்கு முன் 'நாளைய கிள்ளான்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். கவுன்சிலர்கள், ஹோட்டல் முதலாளி, துணிக்கடைக்காரர், ஒரு பேங்க் மேனேஜர் எல்லாரும் சேர்ந்து நகரத்தின் எதிர்காலத்தைக் கவனிக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். தலைவர் டத்தோ பட்டம் வாங்கிய பழனியப்பன். ஹோட்டல் அவருடையது. அவரும் கேரி தீவில் பிறந்தவர்தான், சந்திரகலாவின் லயத்து வீட்டு வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி. ஒருநாள் அவரே காரை நிறுத்தி இறங்கி வந்து, நாலு வடை தின்றுவிட்டு, "தங்கச்சி, பெரிய ஆளுங்க மட்டும் பேசுனா போதாதுலா. கடைக்காரங்க சார்பா நீ வா" என்றார்.

அவள் போனாள். ஹோட்டலில் குளிர்சாதன அறை, மேசையில் அவள் பெயர் எழுதிய அட்டை. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கேலி செய்தேன். "பூ வச்சுப் பொட்டு வைக்கலியா?" என்று கேட்டேன். "சிரிங்கண்ணே, சிரிங்க. கூட்டத்துல நான் கேட்டிருக்கிற கக்கூஸ் வந்ததும் யாரு முதல்ல போறாங்கன்னு பார்க்கிறேன்" என்றாள்.

கக்கூஸ் வந்தது. சுத்தமாகவே வந்தது. விளக்கும் வந்தது, சாக்கடைக்கு மூடியும் வந்தது. முதலில் போனவன் நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் ஒன்றுகூடினால் ஊருக்கு நல்லது நடக்கும் என்று முதன்முறையாக நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

போன வருடத்துக்கு முந்தின தீபாவளிக்குக் குழு எங்களுக்கு ஹம்பர் கூடை கொடுத்தது. அரிசி, எண்ணெய், முறுக்கு டின். இந்த நாட்டில் ஹம்பர் வாங்கத் தெரியாத தமிழன் உண்டா? பெயர், ஐசி எண், கடை எண், கையெழுத்து, அடுத்த ஆள். யாரும் எதையும் படிப்பதில்லை. டத்தோ அட்டையில் கிளிப் போட்ட தாள்களை சந்திரகலாவிடம் கொடுத்து, "ஒன் கையால எழுதும்மா, அழகா இருக்கும். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது" என்றாராம்.

அன்றைக்கு ஆறு பேர் கடையில் இல்லை. நான் ஈப்போவில் மச்சான் கருமாதியில் இருந்தேன். தோசைக் கடை லெட்சுமி அக்கா கால் முறிந்து ஆஸ்பத்திரியில். பழக்கடை பக்கிரிசாமி கோயில் பயணமாக இந்தியாவில். இன்னும் மூன்று பேர் பண்டிகைக்குத் துணி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். இல்லாதவர் பங்கை இருப்பவர் வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். கோயில் பிரசாதமானாலும் சரி, கல்யாணப் பொட்டலமானாலும் சரி. சந்திரகலா ஆறு பேருக்கும் தானே கையெழுத்துப் போட்டு, ஆறு ஹம்பரையும் தன் கடைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். நான் ஊரிலிருந்து வந்ததும், "ஒங்க கையெழுத்த ஒங்களவிட நல்லாப் போட்டிருக்கேன்" என்று சொல்லித்தான் என் அரிசியைக் கொடுத்தாள். அதை நாங்கள் பொங்கித் தின்றோம்.

ஜனவரியில் நகராண்மையிலிருந்து கடிதம் வந்தது. ஆற்றங்கரை அழகுபடுத்தப்படும், நடைபாதையும் காபிக் கடைகளும் வரும். கடைக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் மனமுவந்து இடத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் போர்ட் கிள்ளான் கொள்கலன் சாலை ஓரம். லோரியைத் தவிர ஈ காக்கை போகாத ரோடு அது. அங்கே உட்கார்ந்து யாருக்குத் தேங்காய்ப்பால் பிழிவது?

நகராண்மை அலுவலகத்துக்கு எல்லாரும் போனோம். ஷாமினி என்று ஒரு இளம் அதிகாரி, கோப்பைத் திறந்து பொறுமையாகக் காட்டினாள். குழு அனுப்பிய சம்மதப் பட்டியல் இருந்தது. முதல் பக்கத்தில் இடத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று மலாயில் நாலு பத்தி. இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் எங்கள் பெயர்கள், சந்திரகலாவின் அழகான எழுத்தில்.

சந்திரகலா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "இது ஹம்பருக்குப் போட்டதும்மா" என்றாள்.

"பேப்பர்ல அப்படி இல்லையே ஆன்டி" என்றாள் ஷாமினி. "நீங்க சொல்றத நான் எழுதி வைக்கலாம். ஆனா இதுல ஒரு கையெழுத்தாவது அந்த ஆள் போட்டதில்லன்னு ஆச்சுன்னா, பட்டியலே செல்லாது. குழு மறுபடியும் முதல்லேருந்து வரணும்."

வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டவர் லெட்சுமி அக்கா. கால் முறிந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோனவள் சந்திரகலா. அவள் நேராக டத்தோவின் ஹோட்டலுக்கு நடந்தாள். துணைக்கு நானும் போனேன்.

டத்தோ எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி வரவழைத்தார். "ஊரு முன்னேறணும்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேணும் தங்கச்சி. நீயே மீட்டிங்குல சொன்னியே, ஆத்தங்கரை நாறுதுன்னு" என்றார்.

"கடைய எடுக்கணும்னு சொல்லலியே டத்தோ. ஒரே தீவுல பொறந்தோம்னுதான ஒங்கள நம்புனேன்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதுல ஆறு கையெழுத்து ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியும். அந்த எழுத்த நான் பார்த்ததில்லையா? அடுத்தவன் கையெழுத்தப் போடுறது கேஸாவும். பேசாம இரு, பேசுனா நீதான் மாட்டுவ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேயை அவர் மேசையிலேயே கொட்டியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டாள். படி இறங்கும்போதுதான் சொன்னாள்.

"அண்ணே, ஹம்பர் அன்னிக்கே தாளுக்குக் கீழ ரெண்டுன்னு நம்பர் போட்டிருந்துச்சு. நான் பார்த்தேன். ஒண்ணு எங்கன்னு கேக்கத் தோணல."

அப்புறம் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். பதினெட்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் புகாரின் பேரில் நகராண்மை வைத்த விசாரணைக்கு முந்தின நாள் மாலை சந்திரகலா என் கடைக்கு வந்து மெஷினை அவளே நிறுத்தினாள். "நாளைக்கு ஒங்களத்தான் முதல்ல கேப்பாங்க. ஒங்க கையெழுத்தான்னு கேட்டா, இல்லன்னு சொல்லுங்க."

"ஒன்ன மாட்டிவிடச் சொல்றியா?"

"கடை இருக்கணும்ல. ஆமான்னு சொன்னீங்கன்னா இருபத்திரண்டு பேரும் லோரி ரோட்டுக்குப் போவணும். சொல்லுங்கண்ணே."

மறுநாள் ஷாமினி தாளை என் முன்னால் வைத்தாள். என் பெயர், என் ஐசி எண், என்னைவிட நன்றாகப் போட்ட என் கையெழுத்து. எதிரே டத்தோவும் கவுன்சிலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "என்னோடது இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார்கள். உடனே சந்திரகலா எழுந்து நின்று, ஆறும் தான் போட்டது என்று சொல்லி எழுதியும் கொடுத்தாள்.

டத்தோ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பார்த்தீங்களா, இந்தம்மாவ நம்பி எங்க குழுவே ஏமாந்துபோச்சு" என்றார். சாயங்காலமே அவள் மேல் போலீஸில் ரிப்போர்ட் போட்டார்கள். இரண்டு தடவை நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். வழக்கு ஒன்றும் வரவில்லை. பட்டியல் தள்ளுபடியானது, கடைகள் தப்பின.

அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டிய நாள் அது. எங்கள் ஆட்களோ, கள்ளக் கையெழுத்துப் போட்டவள் வேறு என்ன செய்திருப்பாளோ என்று பேசினார்கள். கடைக்காரர் சங்கத்திலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். பக்கிரிசாமி தன் வாடிக்கையாளரிடமே அங்கே வடை வாங்காதீர்கள் என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுபாங் ஜெயாவில் ஒரு கேன்டீனுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பத்தாம் எண் பூட்டியே கிடக்கிறது. எனக்கு இப்போது மெஷினை நிறுத்தவே பிடிப்பதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். வாய் வரவில்லை. டத்தோ செய்ததற்குப் பெயர் துரோகம் என்றால் நான் செய்ததற்கும் வேறு பெயர் கிடையாது.

போன வாரம் தீபாவளி ஹம்பர் வந்தது. அதே குழு, அதே கிளிப் போட்ட அட்டை. கொண்டுவந்த பெண்ணிடம் நான் முதல் பக்கத்தைக் கேட்டேன். "வெறும் ஹம்பர்தான் அங்கிள்" என்றாள். பின்னால் நின்ற பக்கிரிசாமி, "நேரமாவுதுலா, வேணாம்னா தள்ளுங்க" என்றார். நான் கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டேன். மற்ற இருபது பேரும் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று மதியம் சந்திரகலாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"யாராச்சும் ஊருல இல்லாம இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, எல்லாரும் இருந்தாங்க."

"லெட்சுமிக்கா?"

"அவங்களே வந்து போட்டாங்க."

கேன்டீனில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்ப எல்லாமே அவங்கவங்க கையெழுத்து" என்றாள். "இந்தத் தடவ இல்லன்னு சொல்ல ஒண்ணுகூட இல்லையேண்ணே."